கிட்டாரில் பழுதில்லை, மூன்று அரைச்சுரம் இறக்குங்கள்

பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பாடலோடு சேர்ந்து வாசிக்கும்போது அடித்தளச் சுரங்கள் உங்கள் கிட்டாரில் கிடைக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கிட்டாரை மாற்றிவிடாதீர்கள்! 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அந்தப் பாடலுக்குக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி எல்லாக் கம்பிகளையும் மூன்று அரைச்சுரம் (அரைச்சுரம் என்பது அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளி) இறக்கியிருக்கிறார். தடித்த கம்பியின் சுரம் வழக்கமான 'ஈ' அல்ல, 'சி ஷார்ப்'. 'இன்டு த வாய்ட்' பாடலும் அப்படித்தான்.

பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் போய்விட்டன. இடக்கைக்காரரான அவருக்குக் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். சுரத்தை இறக்கினால் கம்பி தளரும்; தளர்ந்த கம்பி அந்த விரல்களுக்கு இதம். அதில் பிறந்த கனத்த ஒலியே பின்னாளில் டூம், ஸ்டோனர் மெட்டல் வகைகளுக்கு அடித்தளமானது. எனக்கு அந்த ஆல்பத்தின்மேல் தீராத பிரியம்.

உங்களுடைய மெல்லிய 9 அளவுக் கம்பிகளை இவ்வளவு இறக்கினால் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) பட்டு அதிரக்கூடும். அதைவிடத் தடித்த 11 அளவுக் கம்பித் தொகுதி போடுங்கள். போட்டபின் கழுத்தின் வளைவையும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் கட்டாயம் சரிபாருங்கள்.