வளவு வீட்டு வழக்கையே கட்டுரையாக எழுதிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அப்புறம் காரைக்குடியில் பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷமாக ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மூன்று வருஷ எல்.எல்.பி. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். கொள்குறி வினாக்களைச் சமாளித்துவிடுவேன், கட்டுரைதான் பயமாக இருக்கிறது. பயிற்சி மையத்தில் இருபது ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பாதி மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் தலைப்பை லேசாக மாற்றிக் கொடுத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று மாதம்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கோட்டையூர்

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த இருபது கட்டுரைகளை மூடி அலமாரியில் வை. உன் கை நின்றுபோனது உன் குறை இல்லை. மனப்பாடம் செய்த கட்டுரை இன்னொருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் யோசித்த பதில், உன்னிடம் கேட்கப்போவது வேறு கேள்வி.

நீ எழுதப்போகும் தேர்வு மொத்தம் 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். இதுவரை நடந்த தேர்வுகளில் கொள்குறிக்கு 75, எழுதும் பகுதிக்கு 75. பாதி மதிப்பெண் உன் பேனாவில் இருக்கிறது என்பதால் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் அதில் தேடுவது அழகான ஆங்கிலத்தை இல்லை. ஒரு தகராறை எடுத்து வைத்தால் இதில் எது பிரச்சினை, யார் பக்கம் என்ன நியாயம், நான் எந்தப் பக்கம், ஏன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வக்கீல் வேலையே அதுதானே.

உனக்கு ஆடிட்டர் அலுவலகப் பழக்கம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். நம்ம ஊர்ப் பெரியவர்கள் ஐந்தொகை எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பாய். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ஒன்றையும் மறைக்காமல் எழுதி, கடைசியில் இருப்பு இவ்வளவு என்று காட்டியாக வேண்டும். கட்டுரையும் அப்படித்தான். நான் பார்க்கிற பயிற்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டு இருப்பு எடுக்காமலே முடிகின்றன: ‘இரண்டிலும் நன்மை தீமை உண்டு, அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்று. அது கணக்கை முடிக்காமல் நோட்டை மூடுகிற வேலை. தேர்வில் இன்னொரு படி மேலே போய், இருப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு.

இந்த இடத்தில்தான் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதற்கு மொழியே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். காரணம், நிபந்தனை, சூழ்நிலை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு முடிவை வாக்கியத்தின் வாலில் வைப்போம், படிக்கிறவரும் காத்திருப்பார். ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது முதலிலேயே வந்துவிடும், காரணம் பின்னால் வரும். அதனால் தமிழில் ஓடுகிற நீளமான வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றாதே. ‘நான் இதை ஏற்கவில்லை’ என்று ஒரு வாக்கியம், முற்றுப்புள்ளி. காரணத்துக்கு இன்னொரு வாக்கியம், அதற்கும் முற்றுப்புள்ளி. வாக்கியம் சின்னதாக இருப்பதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள், குழப்பமாக இருந்தால் குறைப்பார்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தலைப்புக்கு எங்கேயும் போக வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள். பங்காளிகள் நாற்பது பேர், பாதிப் பேர் சென்னையிலும் வெளிநாட்டிலும். முகப்பு ஒழுகுகிறது, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஓடு மாற்றப் பணம் போட ஆள் இல்லை, பர்மாத் தேக்குத் தூண்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. இடித்து மரத்தை விற்றுவிடலாம் என்கிறார்கள் சிலர். ‘பழமையான வீடுகளை உரிமையாளர்கள் இடிக்கக் கூடாது என்று அரசு தடை போடலாமா?’ இதுதான் தலைப்பு.

உரிமையாளர் பக்கம்: சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978இல் அரசியலமைப்பின் 44ஆவது திருத்தத்தில் அது அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்று 300ஏ பிரிவு இன்றைக்கும் காவல் நிற்கிறது. ஊருக்குப் பெருமை வேண்டும் என்பதற்காக ஓடு மாற்றுகிற செலவை நாற்பது பங்காளிகள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? மறுபக்கம்: நம் கலப்புப் பண்பாட்டின் பாரம்பரியத்தைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது 51ஏ பிரிவு. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் இந்தியா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இடித்த வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது. இப்போது நீ முடிவு சொல்ல வேண்டும். முழுத் தடை சரி என்று சொல்லலாம், தடையே கூடாது என்று சொல்லலாம், தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்து அதன் பராமரிப்புச் செலவில் அரசு பங்கு போட வேண்டும் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் சரி, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கக்கூடிய மிகக் கடினமான கேள்வியை நீயே எழுப்பி, அதற்கும் பதில் எழுது. நல்ல கட்டுரையையும் சுமாரான கட்டுரையையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு பத்திதான், அதற்கு மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்துத் திருத்தி எழுது.

இன்னொரு தலைப்பும் உன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்திருப்பாய். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது, 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது, 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. முந்தைய தீர்ப்பு காளையின் வலியிலிருந்து பேசுகிறது. பிந்தைய தீர்ப்பு, இது பண்பாடா இல்லையா என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்துவிட்டது, அதில் நாங்கள் வேறு கருத்துச் சொல்லப்போவதில்லை என்கிறது. இரண்டையும் படி. ஒரே விஷயத்தில் நீதிபதிகள் எப்படி வேறு வேறு இடத்தில் நின்று யோசிக்கிறார்கள் என்று தெரியும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழில் கிடைக்கிற தீர்ப்பாக ஒன்றை எடுத்து, முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தைத் திறந்தால் பாதி பயம் போய்விடும்.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு கட்டுரை, தமிழிலேயே எழுது. ஆமாம், தமிழில்தான். யோசனை ஒழுங்காக வருகிறதா என்று முதலில் பார்ப்போம். இரண்டாவது மாதம் குறிப்பை மட்டும் தமிழில் ஐந்து வரி போட்டுக்கொண்டு, கட்டுரையை ஆங்கிலத்தில் எழுது. கடைசி மாதம் எல்லாமே ஆங்கிலம், கடிகாரத்தை முன்னால் வைத்து நாற்பது நிமிஷம், அதில் முதல் எட்டு நிமிஷம் பேனாவைத் தாளில் வைக்காமல் யோசிக்க மட்டும். எழுதியதை மறுநாள் காலையில் உரக்கப் படித்துப் பார், மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடை. வளவு வீட்டுக் கட்டுரையை எனக்கும் அனுப்பு, கட்டாயம் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: கட்டுரையில் எத்தனை வழக்குகளின் பெயர், எத்தனை மேற்கோள் இருந்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: மேற்கோளே வேண்டாம். தலைவர்கள் சொன்னதாக ஊரில் சுற்றுகிற வாசகங்களில் பாதி அவர்கள் சொன்னதே இல்லை. வழக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் அது உங்கள் வாதத்துக்கு வேலை செய்ய வேண்டும். பெண்களுக்குச் சொத்துரிமை என்று தலைப்பு வந்தால் பத்து வழக்குப் பெயரை அடுக்குவதைவிட இதை எழுதலாம்: தமிழ்நாடு 1989இலேயே மகளுக்கும் பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்திய சட்டம் அந்தக் கல்யாண வேறுபாட்டை எடுத்தது. அந்தச் சட்டம் வந்த அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா வழக்கு ‘தேவையில்லை’ என்று தீர்த்தது. மூன்றே படி, ஒவ்வொன்றும் முந்தையதில் இருந்த ஓட்டையை அடைக்கிறது. கல்யாணத்தில் செய்த சீரோடு பெண்ணின் பங்கு முடிந்தது என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்களே, அந்தப் பேச்சையே எதிர்வாதமாக வைத்துப் பதில் எழுதலாம்.

கேள்வி: மகன் பன்னிரண்டாவது படிக்கிறான், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுதப் போகிறான். கட்டுரைப் பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தந்தை, தேவகோட்டை

பதில்: கட்டாதீர்கள், ஐயா. இளநிலை கிளாட் தேர்வில் கட்டுரையே கிடையாது. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாமே கொள்குறி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அந்த மதிப்பெண்தான். அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருஷப் படிப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. கிளாட்டில் ஒவ்வொரு பகுதியிலும் நீளமான பத்தியைப் படித்துத்தான் விடை சொல்ல வேண்டும், வேகமாகப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நேரம் போதாது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஓர் ஆங்கில நாளிதழ் வாங்கிப் போடுங்கள். தலையங்கத்தைத் தினமும் உங்களுக்குப் படித்து, என்ன சொல்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.