லண்டனில் முதல் குளிர்காலம்: நடைக்குழுவில் இப்போதே சேரலாமா, மார்ச் வரட்டும் என்று இருக்கலாமா?

இப்போதே சேருங்கள். முடிந்தால் இந்த வாரமே.

நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது, ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மா மாடிப்படி இறங்குவதே இல்லை, "மார்ச் வரட்டும், வெயில் வந்ததும் போய்க்கொள்ளலாம்" என்று கணவர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கிழக்கு லண்டனில் பல வருடங்களாக இருக்கிறேன். அக்கம்பக்கத்து நடைக்குழு ஒன்றில் தன்னார்வலராக ஆட்களைக் கூட்டிப்போகிறேன். மார்ச் வரை காத்திருந்தால், நடை மிகவும் தேவைப்படும் மாதங்கள் எல்லாம் அதற்குள் போய்விடும்.

டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் உதிக்கிறது, மாலை 3.53க்கு மறைந்துவிடுகிறது. முழுதாக எட்டு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. சென்னையில் மார்கழி மாதத்தில்கூடப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். அந்தப் பகலுக்குப் பழகிய உடம்போடு வந்திருக்கிறோம். அலுவலகம் போகிறவர்கள் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்கள்; வீட்டில் இருப்பவர்கள் ட்யூப் லைட்டிலேயே நாளைக் கழிக்கிறார்கள். மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். காலையில் ஒரு மணி நேரம் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டாலே தூக்கமும் மனமும் ஒரு ஒழுங்குக்கு வரும். அதையும் மீறி வாரக்கணக்கில் மனம் சோர்ந்தே கிடந்தால் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் போய்ச் சொல்லுங்கள். பருவத்தோடு வரும் இந்த மனச்சோர்வை 1984இலேயே நார்மன் ரோசன்தாலும் உடன் ஆய்வு செய்தவர்களும் விவரித்து எழுதினார்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

டி வைட்டமின் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்கே அடிக்கும் வெயிலில் அது கிடைக்காது, எவ்வளவு நடந்தாலும் கிடைக்காது. இலையுதிர், குளிர் காலங்களில் தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இங்கத்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தோல் நிறம் கருத்தவர்கள், அதாவது தெற்காசியர்களும் ஆப்பிரிக்க, கரீபிய வழியினரும், வருடம் முழுக்கவே எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறது. அம்மா வேறு மருந்துகள் சாப்பிடுகிறார் என்றால் பார்மசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குழு எதற்கு, தனியாகவே நடக்கலாமே என்று கேட்பீர்கள். தனியாக என்றால் காலையில் ஜன்னல் திரையை விலக்கியதுமே தீர்மானம் கலைந்துவிடும். பத்து மணிக்கு நூலக வாசலில் நமக்காக நான்கு பேர் நிற்பார்கள் என்று தெரிந்தால், தூறலானாலும் கிளம்பிவிடுவோம். கோடையில் நடைக்குழுக்களில் கூட்டம் அதிகம், புதிதாக வந்தவர் ஓரமாக ஒதுங்கிவிட முடியும். ஜனவரியில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கூட்டிப்போகிறவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். இரண்டாம் வாரமே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். புது ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இரண்டு விதமான நடைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, உடல்நலத்துக்கான குறுநடை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் சோனிங் காமன் என்ற ஊரில் வில்லியம் பேர்ட் என்ற ஜி.பி., தன்னிடம் வரும் நோயாளிகளுக்காக 1995இல் தொடங்கியது அது. இன்று நடப்பவர்களுக்கான ராம்ப்ளர்ஸ் அமைப்பின் 'வெல்பீயிங் வாக்ஸ்' என்ற பெயரில் பல ஊர்களில் நடக்கிறது. பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். கட்டணம் இல்லை, உறுப்பினராக வேண்டியதில்லை. பெரும்பாலும் பூங்காவிலோ ஆற்றோரத்திலோ நடந்துவிட்டு, முடிந்ததும் எல்லோரும் ஒரு கஃபேயில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அம்மாவுக்கு இதுதான் சரி. பூங்காவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கும் பார்க்ரன்னும் உண்டு. பெயரில் ஓட்டம் இருந்தாலும் ஐந்து கிலோமீட்டரையும் நடந்தே முடிக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, ராம்ப்ளர்ஸின் வழக்கமான குழுநடை. 1935இல் தொடங்கிய அமைப்பு. உறுப்பினராகும் முன் மூன்று நடைகள் வரை சும்மா வந்து பார்க்கலாம். ஒவ்வொரு நடைக்கும் தூரமும் தரமும் போட்டிருப்பார்கள். அதில் 'லெஷர்லி' என்று இருந்தால் நம் கடற்கரை நடை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஓரளவு திடமாக இருப்பவர்களுக்கும், வயல்வழியாகக் கொஞ்சமாவது நடந்து பழகியவர்களுக்கும் ஆனது அது. 'ஈஸி'யில் ஆரம்பியுங்கள். கூட்டிப்போகிறவர் முன்கூட்டியே அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்திருப்பார். கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் வருவார். அவரைப் பேக் மார்க்கர் என்பார்கள், அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. குளிர்காலத்தில் பொழுது சாய்வதற்குள் முடியும்படி தூரத்தையும் குறைத்துவிடுவார்கள். புதியவர்களுக்கு அதுவே சௌகரியம்.

எங்கே போவது என்றால், ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட், வால்தம்ஸ்டோ பக்கம் இருக்கும் நம் தமிழர்களுக்கு எப்பிங் காடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே நம்மவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதுதான். சிங்ஃபர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிடத்தில் காட்டு விளிம்பு. ஏறக்குறைய 2,400 ஹெக்டேர். எட்டாம் ஹென்றி மன்னருக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கானாட் வாட்டர் என்ற ஏரியைச் சுற்றி நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். சேறு பிடிக்காதவர்கள் அங்கே நடக்கலாம். அங்கே மேண்டரின் வாத்துகள் இருக்கின்றன, ஆண் வாத்தின் நிறங்களைக் குளிர்காலச் சாம்பல் வெளிச்சத்தில் பார்த்தால் நம்பவே முடியாது.

இந்தக் காட்டைப் பார்க்க வேண்டிய பருவமே குளிர்காலம்தான் என்பேன். இலை முழுக்க உதிர்ந்த பிறகுதான் மரங்களின் உருவம் தெரியும். பீச், ஓக், ஹார்ன்பீம் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் திடீரென்று தடித்து, அங்கிருந்து ஒரே இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து நிற்கும். காரணம், நூற்றாண்டுக் கணக்கில் சுற்றுவட்டார ஜனங்கள் விறகுக்காக அந்த உயரத்தில் கிளைகளை வெட்டிவந்தார்கள். அதைவிடக் கீழே வெட்டினால் துளிரை மானும் மாடும் தின்றுவிடும். காட்டோரத்து லாட்டன் ஊராருக்குக் கிளை வெட்டும் உரிமை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் 23 வரைக்கும்தான் இருந்தது, அதாவது குளிர்காலத்துக்கு மட்டும். குளிருக்கு விறகு வேண்டும், மரமும் அப்போது உறங்கும் நிலையில் இருக்கும்.

பிறகு நிலக்கிழார்கள் காட்டை வேலி போட்டு வளைக்கப் பார்த்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியின் குடும்பம் வேலியை மதிக்காமல் கிளை வெட்டப் போனது. குடும்பத்தினர் சிறைக்கும் போனார்கள். அந்தத் தகராறு வளர்ந்து, கடைசியில் 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு எல்லா மக்களுக்கும் திறந்ததாக ஆனது. விறகு உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஊராருக்குக் கிடைத்த பணத்தில் 1884இல் கட்டிய லாப்பிங் ஹால் இன்றும் லாட்டன் தெருவில் இருக்கிறது. வெட்டுவது நின்றுபோனதால்தான் அந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் இன்று தனி மரம் அளவுக்குப் பருத்திருக்கின்றன. இதைக் கூட வருகிறவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நாம் மிதிக்கும் பாதை யாரோ சிறைக்குப் போய் வாங்கித் தந்தது. நேற்று வந்த நமக்கும் அதில் சம உரிமை இருக்கிறது. தயங்கித் தயங்கி நடக்க வேண்டியதில்லை.

பறவைகளுக்கும் இதுதான் பருவம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் கூட்டங்கள் குளிருக்குப் பயந்து இங்கே வருகின்றன, நாம் குளிர்கிறது என்று புலம்பும் இதே ஊருக்கு! ஹாலி மரத்துச் சிவப்புப் பழங்களை மொய்த்துத் தின்னும். மற்ற பறவைகள் வாய்மூடிய டிசம்பரிலும் ராபின் பாடிக்கொண்டிருக்கும்.

உடை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது: உள்ளே உடம்போடு ஒட்டிய, பருத்தி அல்லாத பனியன், மேலே கதகதப்பான ஃபிளீஸ் சட்டை, அதற்கும் மேலே மழை புகாத வாட்டர்ப்ரூஃப். ஏறும்போது வியர்க்கும், ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். எப்பிங் மண் களிமண், ஜனவரியில் கணுக்கால்வரை இழுக்கும். பிடிப்புள்ள வாக்கிங் பூட்ஸுக்குச் செலவழியுங்கள், மற்றதை நன்கொடைப் பொருள் விற்கும் சேரிட்டி கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால், பூங்காப் பாதையில் பரவாயில்லை, கொஞ்சம் உயர்த்திக் கட்டி உள்ளே வெப்ப லெக்கிங்ஸ் போட்டுவிடுங்கள். காட்டுக்குள் வேண்டாம், நனைந்த கரை காலைச் சுற்றித் தடுக்கும். சுடிதார் போதும். பிளாஸ்கில் சுக்குக் காபி, டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நான் கொண்டுபோகும் இட்லிக்கு எங்கள் குழுவில் இப்போது முன்பதிவே இருக்கிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராதே என்ற கவலை வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்தால்தான் பேச்சு நின்றுபோவது சங்கடமாக இருக்கும். பக்கத்தில் நடக்கும்போது பேசாமலும் வரலாம், ஒரு மரத்தைக் காட்டலாம், கையைப் பிடித்துச் சகதியைத் தாண்டவைக்கலாம். ஓய்வு பெற்ற ஆங்கிலேயப் பாட்டிமார்தான் இந்தக் குறுநடைகளில் அதிகம், அவர்களும் தனிமையில் இருப்பவர்கள். நம் அம்மாமார்களோடு அவர்கள் ஒட்டிக்கொள்ளும் வேகத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

நடையைத் தவிர வேறு என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மரம் நடும் பருவம், பறவைகள் கூடு கட்டாத காலம் என்பதால் புதர் வெட்டிச் சீராக்கும் வேலையும் அப்போதுதான். தன்னார்வலர்களுக்கு எங்கேயும் வரவேற்பு உண்டு, கையுறையும் கருவியும் ஏற்பாடு செய்பவர்களே தருவார்கள். ஜனவரி கடைசி வார இறுதியில் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்கு வீட்டு ஜன்னலே போதும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணி அனுப்ப வேண்டும், 1979இலிருந்து நடக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி 17 வாக்கில் வாசெய்ல் என்று ஒன்று வரும். சோமர்செட், ஹெரஃபோர்ட்ஷையர் பக்கத்துப் பழைய வழக்கம், இப்போது லண்டன் பழத்தோட்டங்கள் சிலவற்றிலும் கொண்டாடுகிறார்கள். ஆப்பிள் மரத்தடியில் கூடி, ஆப்பிள் மதுவான சைடரில் தோய்த்த ரொட்டியைக் கிளையில் வைத்து, தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டிச் சத்தமெழுப்பி, வரும் வருடம் நன்றாகக் காய்க்க வேண்டும் என்று மரத்துக்கே பாடுவார்கள். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், விளக்கமே தேவைப்படாது.

கிறிஸ்துமஸ் வாரம் புதிதாக வந்தவர்களுக்குக் கடினமான வாரம். 25ஆம் தேதி லண்டனில் ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது, கடைகளும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அன்றைக்கு வீட்டிலிருந்தே நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்காவை இப்போதே பார்த்துவையுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி ராம்ப்ளர்ஸ் குழுக்கள் குளிர்கால நடைகள் நடத்துகின்றன. புதியவர்களும் போகலாம்.

மலை மட்டும் இந்த வருடம் வேண்டாம். லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்னோடோனியா எல்லாம் கோடையில் குடும்பத்தோடு ஏறும் இடங்கள், குளிர்காலத்தில் ஐஸ் கோடாலியும் காலில் கட்டும் முள்தட்டும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டிய இடங்களாகிவிடும். லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் ஹெல்வெல்லின் சிகரத்துப் பனி நிலையைச் சொல்வதற்கென்றே குளிர்காலத்தில் தினமும் ஒருவர் மேலே ஏறி அறிக்கை தருகிறார் என்றால் பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலியோ, ரத்த அழுத்தமோ, ஆஸ்துமாவோ இருந்தால் நடைக்கு முந்தின நாளே கூட்டிப்போகிறவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். வழியில் பெஞ்சு எங்கே, கழிப்பறை எங்கே, பாதியில் பஸ் பிடித்துத் திரும்ப முடியுமா என்றும் கேளுங்கள். தயங்காதீர்கள், இதையெல்லாம் கேட்கிறவர்கள் வந்தால்தான் எங்களுக்கும் வழியைத் தோதாக மாற்ற முடியும். இன்ஹேலர் இருந்தால் பையில் போடாமல் கோட்டுக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள், அது குளிர்ந்துவிட்டால் மருந்து சரியாக வராது.