ராத்திரி நாலு தடவை எழுந்தால்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம், வயது 63. ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு எழுந்திரிக்கிறேன். புராஸ்டேட் வீக்கம் என்கிறார்கள். ஒருவர் பூசணி விதை தின்னச் சொல்கிறார், இன்னொருவர் வைட்டமின் ஈ மாத்திரை. நானாகத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகவே பயமாக இருக்கிறது. எதைச் சாப்பிட்டால் சரியாகும்? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள அண்ணாச்சி,

முதலில் தண்ணீரைக் குடியுங்கள். நம்ம ஊர் வெயிலில் பாதித் தண்ணீரோடு இருந்தால் சிறுநீர் கெட்டியாகி எரியும், மலச்சிக்கல் வரும், மலம் கட்டிய குடல் மூத்திரப்பையையும் அழுத்தும். சாயங்காலம் வரை தாராளமாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். ராத்திரி டம்ளரில் வாங்கிக் குடிக்கிற ரசமும் தண்ணீர்க் கணக்குதான். சாயங்காலக் காப்பியை விடுங்கள், கருப்பட்டி போட்டாலும் காப்பித்தூள் மூத்திரப்பையை உறுத்தத்தான் செய்யும்.

புராஸ்டேட் என்கிற சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது. வயது ஏற ஏறப் பெருக்கும். 60 வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு இது உண்டு. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இதைச் சுருக்குகிற சாப்பாடு என்று ஒன்று கிடையாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பூசணி விதையை ஆசைக்குத் தின்னலாம். வைட்டமின் ஈ மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2001இல் தொடங்கி 35,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வில், அதை மட்டும் தினமும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததென்று 2011இல் சொன்னார்கள்.

தொப்பையும் சர்க்கரையும் இதோடு சேர்ந்தே வருகிறவை. தினமும் அரை மணி நேரம் நடங்கள், காய்கறியும் சாளை மீனும் கூட்டி, ஆட்டுக்கறியைக் குறையுங்கள். ராத்திரி அடிக்கடி எழுவதற்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் உப்பு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், தெரியும், ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டில் வேண்டாம். சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகலெல்லாம் காலில் இறங்கிய நீர்தான் படுத்ததும் மேலேறி உங்களை எழுப்புகிறது. மத்தியானம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுங்கள். வீக்கத்தை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. தென்காசியில் என் சித்தப்பா சாரல் சமயத்தில் ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். ராத்திரி மூன்று மணிக்குத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பனியன் வியர்வையில் நனைந்திருக்கிறது, அடிவயிறு கல்லாக இருக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டியூப் போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. சில ஜலதோஷ மாத்திரைகள் மூத்திரப்பையின் வாயை இறுக்கும், சில மூத்திரப்பை சுருங்குகிற பலத்தைக் குறைக்கும். ரெண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, வெட்கத்தில் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை மனுஷன்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவே பெரிய விஷயம். மூன்று நாள் எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று நோட்டில் குறித்து, அதோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரியல் டாக்டரைப் பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடியோடு நின்றாலோ மூன்று நாள் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.