மாமர நிழலில் நம்மூர்க் காட்டுப்பூக்கள் வளருமா?

யாழ்ப்பாணத்து வளவில் மாமரத்துக்குக் கீழே ரோசா வைத்துப் பட்டுப்போனது, அங்கே காட்டுப்பூக்கள் வளருமா என்று கேட்டிருந்தீர்கள். ரோசாவுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலுக்குப் பழகியவை நம்முடைய பற்றைக்காட்டுச் செடிகள்தான்.

நான் முதலில் சொல்வது கார்த்திகைப்பூ. சங்கப் பாட்டுக்களில் வரும் காந்தள் இதுவே. கிழங்கின் அடி நிழலில் இருக்கட்டும், கொடியின் தலை வெயிலைத் தேடி ஏறட்டும். அதனால் மரத்தடியில் நடாமல் நிழல் முடியும் வேலியோரம் நடுங்கள். இலை நுனியே சுருண்டு கம்பைப் பிடித்துக்கொள்ளும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கும். அதைப் பார்க்கத் தினமும் வேலியடிக்குப் போகலாம். மாரி முடிந்து கொடி காய்ந்தால் செத்துவிட்டது என்று கிண்டாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. ஆனால் அது கடும் நஞ்சு. சிறு பிள்ளைகள், ஆடு உள்ள வீடென்றால் வேண்டாம்.

சரி, அடர்ந்த நிழலுக்கு? வெள்ளைப் பூப் பூக்கும் கொடிவேலி வையுங்கள். ஈரமான கிணற்றடியில் நீலப்பூக் கானாவாழை தானே பரவும்.

அப்புறம், காலையில் முற்றம் கூட்டும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். சருகு உக்கித்தான் அந்த மண் ஈரம் பிடிக்கும். நடுவதற்கு ஐப்பசி மழை தொடங்கும் நேரம் நல்லது.