படிக்க உதவும் மாத்திரையா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தேர்வு நெருங்கினால் போதும், ரிட்டாலின், ஆட்டரால், மொடாஃபினில் என்று பெயர் மட்டும் மாறி, இந்த மாத்திரை போட்டால் நன்றாகப் படிக்கலாமா என்ற ஒரே கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல் அலைபாயும் குறைபாடு) இல்லை. மாத்திரை போட்டால் மூளை கூர்மையாகுமா?

விழிப்பு வரும், சலிப்பான பாடம்கூடக் கொஞ்ச நேரத்துக்கு ருசிக்கும். ரிட்டாலினும் ஆட்டராலும் ஏடிஹெச்டிக்குத் தரும் மருந்துகள். ரிட்டாலினில் இருக்கும் மெதில்ஃபெனிடேட், டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற மூளை வேதிப்பொருட்களை நரம்பு செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிறது. ஆட்டராலில் இருக்கும் ஆம்ஃபெட்டமைன் அதோடு நிற்காமல் அவற்றைக் கூடுதலாக வெளியே தள்ளவும் செய்கிறது. இதனால் ஏறுவது உந்துதல். அறிவும் சேர்ந்து ஏறுகிறதா என்று கேட்டால், 2023இல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்வேன். ஏடிஹெச்டி இல்லாத 40 இளைஞர்களுக்கு வெவ்வேறு நாட்களில் இந்த வகை மருந்துகளையும், மருந்தே இல்லாத போலி மாத்திரையையும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து, ஒரு கணக்கைப் போடச் சொன்னார்கள். எடை வரம்பைத் தாண்டாமல், மொத்த மதிப்பு அதிகம் வரும்படி எந்தெந்தப் பொருட்களைப் பையில் போடலாம் என்பதுதான் கணக்கு. மருந்து சாப்பிட்டபோது அவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள், பொருட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், ஆனால் அந்த உழைப்பின் தரம் இறங்கிவிட்டது. போலி மாத்திரையில் சராசரிக்கு மேல் செய்தவர்கள் பலர், மருந்தில் சராசரிக்குக் கீழே போனார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் நஷ்டம் அதிகம் என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் போட்ட அன்று நன்றாகப் படித்தேனே, டாக்டர்?

படித்ததாகத் தோன்றியிருக்கும். ஆம்ஃபெட்டமைன் கொடுத்துச் சோதித்த 2013 ஆய்வில், மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லாதபோதும், இன்று நன்றாகச் செய்தோம் என்றே பங்கேற்றவர்கள் நினைத்தார்கள். இந்த மருந்து மனநிலையைத் தூக்கிவிடுகிறது, அந்த உற்சாகத்தில் நம் வேலைக்கு நாமே தாராளமாக மார்க் போட்டுக்கொள்கிறோம். இன்னொன்று, படித்தது மனதில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். ஆம்ஃபெட்டமைனின் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 10 மணி நேரம் ஆகும் என்றால், மாலையில் போட்டவர் இரவு எப்படித் தூங்குவார்?

நண்பனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததுதான். அதே அளவு எனக்கும் பாதுகாப்புதானே?

இல்லை. அவனுடைய இதயம், ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான் என்றெல்லாம் கேட்டு, சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றியிருப்பார்கள். உங்களைப் பற்றி அந்தச் சீட்டுக்கு எதுவும் தெரியாது. படபடப்பு, பதற்றம், சிலருக்கு யாரோ தன்னைப் பின்தொடர்வதுபோன்ற சந்தேகம், அரிதாக நிஜம் எது என்றே புரியாத தீவிர மனநோய் வரைகூடப் போகலாம். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது இவ்வளவு சகஜமாகிவிட்டதால்தான் 2023 மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மாத்திரைகளின் எச்சரிக்கைக் குறிப்பைத் திருத்தச் சொன்னது. அந்த நண்பனுக்கும் ஒரு வார்த்தை: பெட்டியைப் பூட்டி வை, கேட்டால் எண்ணித்தான் தருகிறார்கள் என்று சொல்லிவிடு.

மொடாஃபினில் அந்த வகை இல்லையாமே?

அது பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வருகிற நோய்க்கான மருந்து. போதைப் பழக்கமாகும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அரிதாகக் கடுமையான தோல் கொப்புளங்களைக் கொண்டுவரும். கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும், இதை முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

சீட்டு இல்லாமல் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். பார்க்க அசல் ஆட்டரால் மாதிரியே இருக்கும், உள்ளே மெத்ஆம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளோ, ஃபெண்டனில் என்ற மிகக் கடுமையான வலிநிவாரணியோ இருந்த போலிகள் பிடிபட்டிருக்கின்றன. ஃபெண்டனில் மிகச் சிறிய அளவிலேயே மூச்சை நிறுத்திவிடும்.

பார்ட்டியில் குடித்துவிட்டுப் போட்டால்?

போதை ஏறியதே தெரியாது, அதனால் இன்னும் குடிப்பீர்கள். இதயத்துக்கு இரட்டைச் சுமை. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அங்கே மறைக்காதீர்கள்.

பல மாதமாகத் தினமும் போடுகிறேன். நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியவில்லை.

அளவுக்கு மீறி ஓடிய மூளை இப்போது அசந்துபோய்க் கிடக்கிறது. நாள் முழுக்கத் தூக்கம், அகோரப் பசி, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு, எல்லாம் வரும். சோம்பேறித்தனம் என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், இந்தக் கட்டத்தைத் தனியாகக் கடக்கவும் வேண்டாம், மனநல மருத்துவரிடம் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

மாத்திரை போட்டதும் கவனம் நின்றது. அப்போ எனக்கு ஏடிஹெச்டிதானே?

இந்தக் கணக்குத் தப்பு, ஏடிஹெச்டி இல்லாதவர்களுக்கும் கவனம் நிற்பதுபோல இருக்கும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, படிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொந்தரவு கொடுத்தனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம். தூக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட இதே மாதிரி தெரியும். சந்தேகம் இருந்தால் தாராளமாகப் பரிசோதனைக்கு வாருங்கள், முடிந்தால் பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துவாருங்கள், ஏற்கெனவே மாத்திரை போட்டுப் பார்த்ததையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் திட்டப்போவதில்லை.