ஸ்டார்டர் டெக்கில் முதலில் எதைக் குறைப்பது?

ஸ்டார்டர் டெக்கில் (ஆடத் தயாராக விற்கும் கார்டுக் கட்டு) பெரிய கார்டுகளைச் சேர்த்தும் ஈரோட்டு நண்பரிடம் தோற்கிறேன், எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எனர்ஜியை (தாக்கத் தேவையான கார்டுகள்) குறையுங்கள். உங்கள் போகிமான் டெக்கில் 60 கார்டுக்கு 20 எனர்ஜி என்று எழுதியிருக்கிறீர்கள், 13 போதுங்க. புதுப் பாக்கெட் இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் தோற்கக் காரணம் பலம் குறைவு அல்ல, கை சிக்கிக்கொள்வதுதான் (தேவையான கார்டு கைக்கு வராமல் நிற்பது) என்று நினைக்கிறேன். கோபியில் என் மகனின் டெக்கைத் திண்ணையில் பரப்பிப் பார்த்தபோதும் இதேதான்: நாலு வரிசைப் போகிமான் (ஒரு அடிப்படைக் கார்டும் அதிலிருந்து வளரும் கார்டுகளும் சேர்ந்தது ஒரு வரிசை), ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு. அடிப்படைக் கார்டு கையில், வளர்ந்தது டெக்கின் அடியில். இரண்டு வரிசை மட்டும் வைத்து, முக்கிய அடிப்படைக் கார்டை நான்காக்குங்கள். மிச்ச இடத்துக்கு புரொபசர்ஸ் ரிசர்ச் நான்கு (கையில் இருப்பதைப் போட்டுவிட்டு 7 கார்டு எடுக்கலாம்), அப்புறம் அல்ட்ரா பால் (டெக்கிலிருந்து ஒரு போகிமானைத் தேடி எடுக்கும் கார்டு).

சரி ஆனதா என்று பார்க்க, நன்றாகக் கலைத்து 7 கார்டு எடுத்துத் தனியாக ஆடிப் பாருங்கள், பத்துத் தடவை. உங்கள் இரண்டாவது டர்னில் தாக்க முடிகிறதா என்று குறித்து வையுங்கள். பாதித் தடவை தடுமாறினால் டிரெய்னர் கார்டு (மேலே சொன்ன இரண்டும் போன்ற உதவிக் கார்டுகள்) இன்னும் போதவில்லை.

ஒன்று மட்டும் கவனம்: ஒற்றைக் கார்டு வாங்கும்போது கீழே இடது மூலையில் உள்ள ஒற்றை ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பழைய எழுத்து என்றால், புது எழுத்தோடு அதே கார்டு மறுபடி வந்திருந்தால் ஒழிய, ஸ்டாண்டர்ட் (புதிய கார்டுகளை மட்டும் ஏற்கும் முறை) போட்டியில் செல்லாது. வீட்டில் ஆட அது தடையில்லை.