ரைஃபிளை இப்போதே வாங்கிவிடாதீர்கள், அம்மா

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) கேட்கிறான், கேட்ட நாளிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் துப்பாக்கி பாதி, பத்தாம் வகுப்பு பாதி என்று தெரிகிறது.

முதலில் அவன் எதைப் பார்த்து ஆசைப்பட்டான் என்பதைப் பார்ப்போம். தோப்புக்குள் உட்கார்ந்தபடி முயல், காக்கை வடிவத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்கிற வீடியோ என்கிறீர்கள். அது ஃபீல்டு டார்கெட். 1980 வாக்கில் பிரிட்டனில் தொடங்கியது. தகட்டில் 15 முதல் 40 மி.மீ. வரை அகலமுள்ள ஓட்டை இருக்கும். பெல்லட், அதாவது ரைஃபிளின் சின்னக் குண்டு, அதற்குள் புகுந்தால் தகடு சாயும். தகட்டில் பட்டால் 'டங்' என்ற சத்தம்தான் மிச்சம். எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பது மீட்டரா ஐம்பதா என்று ரைஃபிள் மேலுள்ள ஸ்கோப் என்ற தொலைநோக்கியைத் திருகித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அருமையான விளையாட்டு, எனக்கே ஆசைதான். ஆனால் ஒலிம்பிக்கில் கிடையாது. நம் ஊரில் காலேஜ் சீட்டு, வேலை என்று யோசித்தால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் வழி.

அதில் தோப்பும் இல்லை, காற்றும் இல்லை. பத்து மீட்டர் தள்ளியுள்ள இலக்கை நின்றபடி 75 நிமிடத்தில் 60 பெல்லட்டால் சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் அரை மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 புள்ளி எடுத்தார். பெல்லட்டுக்குச் சராசரி 10.5 (நட்டநடுவில் பட்டால் 10.9 வரை கிடைக்கும்)! அப்படியும் பத்தாவது இடம்தான்; இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள்.

அதனால் இப்போதைக்கு ரைஃபிள் வேண்டாம். பெயர் பெற்ற ஜெர்மன், ஆஸ்திரியத் தயாரிப்புகள் லட்சக்கணக்கில் போகும். அதற்கு மேல் ஜாக்கெட், பேண்ட், ஷூ, கையுறை. கடன் வாங்கி வாங்கிய ரைஃபிள் பீரோ மேல் தூங்குவதை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். பையனுக்கு நாலே மாதத்தில் அலுத்துவிட்டது. பக்கத்து ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, ஆறு மாதம் அங்குள்ள ரைஃபிளிலேயே சுடட்டும். பெல்லட் போடாமல் வெறுமனே குறி பார்த்து நிற்கும் பயிற்சியைத் தினம் அரை மணி நேரம் வீட்டில் செய்கிறானா என்று கவனியுங்கள். அதற்கு ரைஃபிள்கூட வேண்டாம், கைக்கு அடக்கமான கம்பு போதும். முனகாமல் செய்தால் அப்புறம் ரைஃபிளைப் பற்றிப் பேசலாம்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் ராணுவமும் சுடுபவர்களை எடுக்கின்றன. ஆனால் உள்ளூர்ப் போட்டிச் சான்றிதழ் அதற்குப் போதாது. மாநில, தேசிய அளவில் பெயர் வர வேண்டும். அதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். எனவே பத்தாம் வகுப்புப் பரீட்சையை இதற்காக விடவே கூடாது. வாரம் மூன்று நாள் பயிற்சி, ஜனவரியிலிருந்து ஒரு நாள் என்று இப்போதே அவனிடம் பேசி வையுங்கள்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். சுடாத நேரத்தில் ரைஃபிளை எப்படி வைக்க வேண்டும், யார் சொன்ன பிறகு தொட வேண்டும் என்று கோச் சொல்வதை நீங்களும் நின்று கேளுங்கள்.